வேகமாகப் போனால் கதிர்வீச்சு குறையுமா? விண்மீன் பயணத்தில் எதிரே வரும் ஆபத்து

மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எங்கள் கடற்கரை மணலில் கதிர்வீச்சு வீசும் தோரியம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதன் மேல்தான் நடக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. விண்மீன்களுக்கு நடுவே ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு அணுகூட முழுதாக இல்லை என்கிறார்கள். அப்படியிருக்க, ஒளியின் பாதி வேகத்தில் போனால் என்ன கெட்டுவிடும்? சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் வாங்கும் கதிர்வீச்சும் குறையத்தானே வேண்டும்?" மணல், வெற்றிடம், வேகம் என்று மூன்று விஷயங்களைத் தொட்டிருக்கிறார். அவர் உண்மையில் அறிய விரும்புவது ஒன்றுதான்: வேகம் பயணியைக் காப்பாற்றுமா, கொல்லுமா?

குழித்துறையிலிருந்து ரயிலேறித் திருவனந்தபுரம் போய், அங்கே ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் இயற்பியலராகப் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நோயாளிக்கு எவ்வளவு டோஸ், அறைச் சுவர் எவ்வளவு தடிப்பு, வெளியே நிற்கும் ஊழியருக்கு என்ன வரும் என்று கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். ராக்கெட் எஞ்சின் என் துறை இல்லை, அதைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் அதிவேக விண்கலத்தின் முகப்பில் நடப்பது சிகிச்சை அறையில் நடப்பதேதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உருவாகப் பெரும்பங்கு ஆற்றிய வில்லியம் எடல்ஸ்டீனும் 2012-ல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒளியை நெருங்கும் வேகத்தில் விண்வெளி ஹைட்ரஜனே பயணிகளைக் கொன்றுவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

வேகம் என்பதற்குத் தனியாக எந்தத் தீங்கும் கிடையாது. சூரியன் நம்மையும் இழுத்துக்கொண்டு பால்வெளியைச் சுற்றி வினாடிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, யாருக்கும் தலை சுற்றவில்லை. உடம்பு உணர்வது வேக மாற்றத்தைத்தான். அதுவும் பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கம் என்றால், வீட்டுத் தரையில் நிற்பது போலவே இருக்கும். அந்த முடுக்கத்தை விடாமல் கொடுக்க முடிந்தால் ஆறேழு மாதத்தில் ஒளியின் பாதி வேகம் வந்துவிடும். நாம் எங்கே இருக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதன் செய்த பொருள்களில் மிக வேகமானது பார்க்கர் சூரியக் கலம். அது 2024 டிசம்பர் 24 அன்று சூரியனை நெருங்கியபோது எட்டிய வேகம் வினாடிக்குச் சுமார் 192 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் அது 0.07 சதவீதம்கூட இல்லை. ஆகவே இனி வருவதெல்லாம் கணக்கில் மட்டும் நடக்கும் பயணம். ஆனால் கணக்குக்கு அடிப்படையான அணு மோதல்கள் ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் அளந்து பார்த்தவை.

சூரியனைச் சுற்றியுள்ள பகுதியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.1 முதல் 0.3 வரை ஹைட்ரஜன் அணு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பத்து ஹைட்ரஜனுக்கு ஒன்று என்ற கணக்கில் ஹீலியமும் உண்டு. பயணிக்குச் சாதகமாக, மிகக் குறைந்த 0.1-ஐயே எடுத்துக்கொள்கிறேன். மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, அதாவது ஏறத்தாழ 40 லட்சம் கோடி கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் கலத்தின் முகப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் எதிர்கொள்ளும் ஹைட்ரஜன் மொத்தமும் சேர்ந்து ஒரு மைக்ரோகிராம்கூட எடை வராது.

இந்த இடத்தில்தான் தம்பியின் வாதம் நழுவுகிறது. எத்தனை அணுக்களில் மோதப் போகிறோம் என்பதை முடிவு செய்வது தூரம். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் வழியில் கிடக்கும் அணுக்கள் அத்தனையும் முகப்பில் வந்து விழத்தான் போகின்றன. வேகம் கூட்டினால் எண்ணிக்கை குறையாது. ஒவ்வொரு மோதலின் ஆற்றலும் ஏறும், அத்தனை மோதலும் குறைந்த காலத்துக்குள் நெருக்கியடித்து வரும். இரண்டுமே பயணிக்குக் கேடு.

ஆற்றல் எவ்வளவு என்று பார்ப்போம். அணுத்துகள்களின் ஆற்றலை அளக்கும் எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) என்ற அலகை அப்படியே பயன்படுத்துகிறேன், ஒப்பிடுவதற்கு வசதி. கலம் ஒளியின் வேகத்தில் 10 சதவீதத்தில் போனால், நின்றுகொண்டிருக்கும் ஹைட்ரஜன் அணுவின் கருவான புரோட்டான் கலத்தின் மேல் 4.7 எம்.இ.வி. ஆற்றலோடு மோதும். 20 சதவீதத்தில் அது 19. பாதி வேகத்தில் சுமார் 145. 90 சதவீதத்தில் 1,200-ஐத் தாண்டிவிடும். இந்த எண்கள் எனக்குப் பழக்கமானவை. புற்றுநோயைக் கண்டறியும் பெட் ஸ்கேனுக்கு வேண்டிய கதிரியக்க ஃபுளூரின்-18 தயாரிக்கும் மருத்துவமனை சைக்ளோட்ரான்கள் (புரோட்டானை வேகப்படுத்தும் எந்திரங்கள்) 11 முதல் 18 எம்.இ.வி. புரோட்டானைத்தான் பயன்படுத்துகின்றன. புற்றுக்கட்டியைச் சுடும் புரோட்டான் சிகிச்சைக் கருவிகள் 70 முதல் 250 எம்.இ.வி. வரை தருகின்றன. சென்னையில் 2019 முதல் அப்படி ஒரு மையம் இயங்குகிறது. ஆக, 20 சதவீத வேகத்தில் கலத்தின் முகப்பு ஒரு சைக்ளோட்ரானின் இலக்குத் தகடு. பாதி வேகத்தில் கலமே ஒரு சிகிச்சை அறை, பயணிகள் எல்லோரும் புரோட்டான் கற்றைக்கு நேராக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது மணலுக்கு வருவோம். மணவாளக்குறிச்சியிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் சவரா, நீண்டகரை, கருநாகப்பள்ளியிலும் தோரியம் உள்ள மோனசைட் கனிமம் கலந்த கருமணல் இருப்பது உண்மை. உலக மக்கள் இயற்கையாக வாங்கும் கதிர்வீச்சு சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்புக்குக் கதிர்வீச்சால் வரும் பாதிப்பை அளக்கும் அலகு, ஆயிரம் சேர்ந்தால் ஒரு சீவர்ட்). கருநாகப்பள்ளிக் கரையோரம் சில இடங்களில் அது பல மடங்கு அதிகம். அங்கே ஏறத்தாழ 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் கதிர்வீச்சால் புற்றுநோய் அதிகரித்ததாகத் தெரியவில்லை. நம் கரையோர மக்களுக்கு இது ஆறுதலான செய்திதான். ஆனால் இதிலிருந்து உடம்பு கதிர்வீச்சுக்குப் பழகிவிடும் என்ற முடிவுக்கு வரக் கூடாது. வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வரும் சேதத்தை உயிரணுக்கள் அவ்வப்போது சரிசெய்துகொள்கின்றன. அதே அளவோ அதைவிடப் பெரிதோ சில வினாடிக்குள் இறங்கினால் சரிசெய்ய அவகாசமே கிடையாது. புற்றுநோயாளிக்கு மொத்த டோஸை ஆறு ஏழு வாரமாகப் பிரித்து, நாளுக்கு 2 கிரே (உடம்பு உள்வாங்கும் கதிர்வீச்சு ஆற்றலின் அலகு) வீதம், கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் கொடுப்பதும் இதனால்தான்.

பாதி வேகத்தில் போகும் கலத்தில், தடுப்பு ஏதும் இல்லாமல் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன டோஸ் வரும்? ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் வினாடிக்கு 170 கோடி புரோட்டான் நுழையும். உடம்பின் மேற்பரப்பில் அது வினாடிக்கு ஏறத்தாழ 1.5 கிரே. ஆழம் போகப் போகக் கூடி, புரோட்டான் நிற்கும் இடத்தில், அதாவது சுமார் 15 சென்டிமீட்டர் உள்ளே, உச்சம் தொடும். முழு உடம்பும் 4 முதல் 5 கிரே வாங்கினால், சிகிச்சை இல்லாதபோது பாதிப்பேர் சில வாரங்களில் இறந்துவிடுவார்கள். அந்த அளவு இங்கே மூன்று நான்கு வினாடியில் வந்துவிடுகிறது. கன சென்டிமீட்டருக்கு 0.1 அணு என்று குறைத்து எடுத்தே இந்த நிலை.

தடுப்பு வைத்தால் போயிற்று என்று அடுத்து தோன்றும். 145 எம்.இ.வி. புரோட்டானை நிறுத்த 15 சென்டிமீட்டர் தண்ணீர் போதும், 19 எம்.இ.வி. புரோட்டானுக்கு இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும் என்பது சரியே. அறிவியல் ஆர்வலர்கள் எழுதும் பல கட்டுரைகள் இந்த இடத்தில் நிம்மதியாக முடிந்துவிடுகின்றன. சிகிச்சை அறை கட்டியவர்களால் அங்கே நிறுத்த முடியாது. புரோட்டான் நின்றுவிடும், ஆனால் நிற்பதற்கு முன் தடுப்பிலுள்ள அணுக்கருக்களை மோதி உடைத்து நியூட்ரான்களை வெளியே தள்ளும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, அது நெடுந்தூரம் ஊடுருவும். 18 எம்.இ.வி. சைக்ளோட்ரான் வைக்கும் அறைக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் கான்கிரீட் சுவர் எழுப்புவது புரோட்டானுக்காக இல்லை, அதற்குத் தகடே போதும். அவ்வளவு கான்கிரீட்டும் நியூட்ரானுக்காக.

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் முகப்புள்ள ஒரு கலம் 20 சதவீத வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்பில் விழும் புரோட்டான் மொத்தத்தையும் மின்னோட்டமாகச் சொன்னால் 100 மைக்ரோஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பெட் சைக்ளோட்ரான் முழு வீச்சில் ஓடும் அளவு அது. மருத்துவமனையில் அந்த எந்திரம் ஒரு நாளில் சில மணி நேரம்தான் ஓடும். இங்கே இருபத்தோரு வருடம் நிற்காமல் ஓடும். பாதி வேகத்தில் இன்னும் மோசம். 15 சென்டிமீட்டர் தண்ணீருக்குப் பின்னால் ஒளிந்தாலும் அங்கே பிறக்கும் நியூட்ரான்களால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தான டோஸ் சேர்ந்துவிடும் என்பது என் தோராயக் கணக்கு. நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிப்பது வருடத்துக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட். அந்த வரம்புக்குள் பயணியைக் கொண்டுவர ஐந்தாறு மீட்டர் கான்கிரீட்டுக்குச் சமமான தடுப்பு வேண்டும். நூறு சதுர மீட்டர் முகப்புக்கு அதன் எடை ஆயிரம் டன்னைத் தாண்டும். 90 சதவீத வேகத்தில் பத்து மீட்டராவது தேவைப்படும். புரோட்டானும் நியூட்ரானும் போதாதென்று பையான், மியூவான் என்ற வேறு நுண்துகள்களும் அங்கே பிறக்கும். மோதலால் வரும் சூடும் சதுர மீட்டருக்கு 12 கிலோவாட் அளவில் இருக்கும். பூமிக்கு வெளியே நேர் வெயிலில் விழுவது 1.4 கிலோவாட்கூட இல்லை.

தடுப்பை எதனால் செய்வது என்பதிலும் எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. 1973 முதல் 1978 வரை பிரிட்டிஷ் கோளிடைக் கழகம் டேடலஸ் என்ற ஆளில்லாக் கலத்தை வடிவமைத்தது. ஒளியின் வேகத்தில் 12 சதவீதம், இலக்கு பர்னார்டு விண்மீன், முன்னால் 50 டன் எடையில் ஒரு பெரிலியத் தகடு. தூசியைத் தாங்க அது நல்ல தேர்வுதான், லேசானது, சூடு தாங்கும். ஆனால் ஆள் இருக்கும் கலத்துக்கு நான் பெரிலியத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். புரோட்டான் பட்டால் தாராளமாக நியூட்ரான் கொடுக்கும் பொருள் அது. நியூட்ரான் வேண்டும் என்றே வைக்கும் இலக்குகளில் அதுவும் ஒன்று. கார்பனாலான கிராஃபைட் மேல். கார்பன்-12 ஒரு புரோட்டானை வாங்கி நியூட்ரானை விடுவதற்கே 19.6 எம்.இ.வி. வேண்டும். 20 சதவீத வேகத்தில் வரும் புரோட்டான் அந்த வாசலுக்குச் சற்று கீழேயே நின்றுவிடுகிறது. ஆனால் சற்றுக் கனமான கார்பன்-13 ஒரு சதவீதம் கலந்திருக்கிறது, அதற்கு அந்த வாசல் தாழ்வு. அதே வேகத்தில் ஹீலியம் 77 எம்.இ.வி.யோடு வருகிறது, அது கிராஃபைட்டிலும் நியூட்ரானைக் கிளப்பும். ஆக கிராஃபைட் பிரச்சினையைக் குறைக்கும், தீர்க்காது. அதற்குப் பின்னால் ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரோ பாலிஎத்திலீனோ தடிப்பாக வேண்டும்.

காந்தப்புலத்தால் விலக்கிவிடலாமே என்று பலரும் சொல்கிறார்கள். நம் சூரியனுக்குப் பக்கத்திலுள்ள மேகத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும் பெரும்பகுதி மின்னூட்டமில்லாத முழு அணுக்களாகவே இருக்கின்றன. காந்தம் அவற்றைத் தொடாது. மிக மெல்லிய தகடு ஒன்றைக் கலத்துக்கு வெகுமுன்னால் பிடித்தால், அதைத் துளைத்து வரும்போது எலக்ட்ரான் கழன்றுவிடும், பிறகு காந்தம் வேலை செய்யும். இயற்பியல் இதை அனுமதிக்கிறது. ஆனால் அந்த மெல்லிய தகடு வருடக்கணக்கில் தூசியடி பட்டுக் கிழியாமல் இருக்குமா என்பதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு.

தூசி என்றதும் உறுதியானவற்றை விட்டு ஐயத்துக்குரிய இடத்துக்கு வந்துவிடுகிறோம். ஒரு மோதலின் ஆற்றலில் சந்தேகமில்லை. 20 சதவீத வேகத்தில் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத் துகள் தரும் அடி 3 ஜூல் அளவு, ஊசிமுனை இடத்தில் குழி விழும். ஒரு மில்லிமீட்டர் மணல் துகள் முக்கால் டன் டி.என்.டி. வெடிமருந்து வெடிப்பதற்குச் சற்றுக் குறைவு. 20 மில்லிகிராம் எடையுள்ள ஒரு அரிசிமணி என்றால் ஒன்பது டன் டி.என்.டி. இவை எத்தனை எதிரே வரும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. 2016-ல் அறிவித்த பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் திட்டம், கிராம் எடைச் சில்லுகளை லேசரால் தள்ளி 20 சதவீத வேகத்தில் அனுப்ப நினைத்தது. அதற்காகத் தியெம் ஹோவாங்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட கணக்கில், பிராக்ஸிமாவுக்கு அண்டையிலுள்ள ஆல்ஃபா சென்டாரி போய்ச் சேர்வதற்குள் தூசி மேற்பரப்பை அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு அரித்துவிடும் என்று வந்தது. 15 மைக்ரானுக்குப் பெரிய ஒரு துகள் அந்தச் சில்லைச் சுத்தமாக அழித்துவிடும், ஆனால் அப்படி ஒன்று எதிர்ப்பட வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம் என்றார்கள். அந்தச் சின்னஞ்சிறு சில்லுக்கு இது ஏற்கத்தக்கது. சில்லைத் திருப்பி விளிம்பு முன்னால் இருக்கும்படி ஓட்டினால் அடிபடும் பரப்பு இன்னும் சுருங்கும். நூறு சதுர மீட்டர் முகப்புக்கு இதே முடிவை அப்படியே எடுத்துவைக்க முடியாது. பெரிய துகள்களின் எண்ணிக்கை விண்மீன் ஒளி மங்குவதை வைத்து ஊகித்தது. மைக்ரானை விடப் பெரிய துகள் ஒளியை அவ்வளவாக மறைக்காது, அதனால் அந்த வழியில் அது கண்ணில் சிக்குவதும் குறைவு. 1990-ல் ஏவப்பட்ட யுலிசிஸ் கலம் வெளியிலிருந்து சூரியக் குடும்பத்துக்குள் வரும் தூசியை நேரடியாகவே பிடித்துக் காட்டியது, அதில் எதிர்பார்த்ததைவிடப் பெரிய துகள்களும் இருந்தன. இப்படிப்பட்ட நேரடி அளவீடு சூரியக் குடும்பத்துக்கு வெளியே இன்னும் நிறைய நடக்க வேண்டும். அதுவரை ஆளேற்றும் கலத்துக்குத் தூசி விஷயத்தில் யார் தைரியம் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

தம்பி சொன்னது சரியாகப் பொருந்தும் இடம் ஒன்றும் உண்டு, அது காஸ்மிக் கதிர். அதிவேக அணுத்துகள்களான அது எல்லாத் திசையிலிருந்தும் வருவது, கலம் நின்றாலும் வரும். அதன் டோஸ் காலத்தைப் பொறுத்தது, ஆகவே சீக்கிரம் போனால் குறையும். 2011-12-ல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்தது நாளுக்கு 1.8 மில்லிசீவர்ட், வருடத்துக்குச் சுமார் 0.66 சீவர்ட். சூரியனிலிருந்து வீசும் துகள் காற்று நம்மைச் சுற்றி ஊதி வைத்திருக்கும் குமிழுக்கு வெளியே இன்னும் அதிகம். 10 சதவீத வேகத்தில் நாற்பத்திரண்டு வருடப் பயணத்துக்கு, தடுப்பு குறைவாக இருந்தால் 30 சீவர்ட் போல ஆகிவிடும். இதைத் தணிக்கக் கலத்தின் நாலா பக்கமும் பல மீட்டர் தண்ணீருக்குச் சமமான சுவர் வேண்டும். அந்தச் சுவர் எப்படியும் இருக்கப் போகிறது என்றால், 10 சதவீத வேகம் வரை முகப்பில் வரும் ஹைட்ரஜன் பெரிய கூடுதல் சுமை இல்லை. 20 சதவீதத்தில் யோசித்துக் கட்ட வேண்டும். பாதி வேகத்தைத் தொட்டால் முகப்புச் சுவர் கலத்தின் எடையையே தின்றுவிடும். மனிதர்கள் என்றாவது போவதானால் 10 சதவீதத்தை ஒட்டிய வேகத்தில்தான் போவார்கள், அதைத் தாண்டி ஓடுவது சில்லுகளின் வேலை என்றே நான் கருதுகிறேன்.

எதிரே வரும் விண்மீன் ஒளி நீலம் தாண்டி புற ஊதாவாகிச் சுட்டுவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். 90 சதவீத வேகத்தில் ஒளியின் அதிர்வெண் நான்கு மடங்கு சொச்சம் கூடும். சாதாரணத் தகடே அதைத் தடுத்துவிடும். பெருவெடிப்பின் மிச்சமாக எங்கும் பரவியிருக்கும் பிரபஞ்சப் பின்னணிக் கதிர் 99 சதவீத வேகத்தில்கூட சுமார் 38 கெல்வின் வெப்பத்தில்தான் தெரியும், கடுங்குளிர் அது. இந்த இரண்டுக்கும் பயப்பட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் வழியை விடப் போய்ச் சேரும் இடம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நம் சூரியனைச் சுற்றிக் கோள்களின் தளத்தில் தூசி அடர்ந்து கிடப்பது போல மற்ற விண்மீன்களைச் சுற்றியும் கிடக்கும். அங்கே வால்மீன்கள் விட்டுச் சென்ற மில்லிமீட்டர் துகள்கள் சகஜம். 20 சதவீத வேகத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் 42 நிமிடத்துக்குள் கடந்துவிடும், எதைப் பார்த்தும் ஒதுங்க நேரமில்லை. வேகத்தைக் குறைக்கக் கலத்தைத் திருப்பினால் எஞ்சின் பக்கம் முன்னால் வந்துவிடும், முகப்புச் சுவர் பின்னால் போய்விடும். ஆகவே வேகக் குறைப்பு முழுவதும் அந்தத் தூசித் தட்டுக்கு வெகுதூரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசிப் பகுதியை வினாடிக்குச் சில பத்து கிலோமீட்டர் வேகத்தில், தூசித் தளத்துக்கு மேலாகவோ கீழாகவோ சாய்ந்துதான் நுழைய வேண்டும். அப்படியானால் பயணக் காலத்தில் இன்னும் சில வருடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள், அந்த வருடங்களுக்கான காஸ்மிக் கதிர் டோஸையும் சேர்த்து.